மஞ்சள் வண்டிக்குச் சிவப்பு

எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு கார் நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, ஒரு சாக்கு அரிசி வைக்கவும் இடமில்லை. கூரையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். இந்த நாட்டிலேயே செய்து, வாங்க ஆளில்லாமல் கொஞ்ச காலத்தில் நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. அதனாலேயே இப்போது அதைத் தேடிப் பைத்தியம் பிடித்து அலைகிறவர்கள் உண்டு. அந்தப் பைத்தியங்களில் ஒருவருக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அவர் மஸ்கட்டில் ஒரு பெரிய வீட்டில் இருபத்திரண்டு வருடம் டிரைவராக இருந்தார். அந்த வீட்டு மகனிடம் இதுபோல ஒரு கார் இருந்ததாம். தினமும் அதைக் கழுவித் துடைப்பது இவர் வேலை. ஓட்டுவது மட்டும் இவர் வேலையில்லை. போனில் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் சொல்வேன். கேட்டுவிட்டு, மருந்து கொடுத்தியா என்று விசாரித்துவிட்டு, அந்தக் காரைப் பற்றி இரண்டு வாக்கியமாவது சொல்லாமல் வைக்கமாட்டார். நான் கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். பகலெல்லாம் மலையாளத்தில் கோப்பு எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளைத் தமிழில் திட்டி, தமிழிலேயே சோறு ஊட்டி வளர்த்தேன். காரைப் பற்றிக் கேட்க எனக்கு ஏது பொறுமை?

ஊருக்குத் திரும்பியபின் அவர் அந்த வண்டியைத் தேடத் தொடங்கினார். நாகர்கோவில் பக்கம் ஒரு டாக்டர் வீட்டுப் பின்பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் அது கிடந்தது. டிரைவர் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு இவர் ஏறி உட்கார்ந்தார். இறங்கும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே. எங்கள் கல்யாணப் படத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை. நான் ஆல்பத்தை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டுப் பதிவை இங்கே மாற்றும் தாள் வேலையெல்லாம் நான்தான் செய்தேன். தாள் வேலை எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது எலுமிச்சை மஞ்சளாம். எங்களிடம் வந்தபோது வெந்த மரச்சீனிக் கிழங்கின் நிறத்தில் இருந்தது. முன்மூடியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து பழைய வண்டி சேர்க்கிறவர்கள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்பலத்துக்கு வந்தவர்கள் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் போனார்கள்.

“தொடருது சேட்டா. இது ஒறிஜினல் பெயின்றாணு,” என்றார் ஒருவர். தொடவே கூடாது, ஒருமுறை சுரண்டிவிட்டால் பிறகு யார் அடித்தாலும் அது அடித்த பெயின்ட்தான், பிறந்த பெயின்ட் ஆகாது என்று அரைமணி நேரம் விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொப்புளம் வந்த உடம்பை யாராவது அப்படியே வைத்திரு என்பார்களா? என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி வந்து இரண்டு வருடம் ஆவதற்குள் அவர் விழுந்தார். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தோம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் பாக்கியம் என்றார் டாக்டர். ஆனால் அந்த மனிதர் பேசவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்குவார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். காலைப் பிடித்து மடக்கி நீட்டவரும் பிசியோதெரபிப் பையனிடம் மட்டும், “மதி மோனே, மதி,” என்பார். அவன் காலை மடக்கியதை மட்டும் போதும் என்றாரா, எல்லாவற்றையுமே போதும் என்றாரா என்று நான் யோசிக்கப் பயந்தேன். நான்கு மாதம் அப்படிப் போனது. அந்த நான்கு மாதத்தில், இவரை இப்படி வைத்திருப்பதற்கு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கடவுளிடம் கேட்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டேன்.

எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெயின்டர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். நாற்பது வயது இருக்கும். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல், “வண்டிக்க பானட்டு முழுக்க பொங்கியாச்சு அண்ணா, பாத்தீங்களா?” என்று கேட்டுவைத்தார். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நெறத்தயே மாத்துனா என்னடே?”

அது என் வீட்டுக்காரரின் குரல். நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம். கையில் செதிலோடு ஓடிப்போய் வாசலில் நின்றேன். அவர் சுவரைப் பார்க்காமல் பெயின்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. மீன் கையால் கண்ணைத் துடைத்து அன்றைக்கெல்லாம் கண் எரிந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் வேறொரு வாழ்க்கை தொடங்கியது. பெயின்ட் கடை அட்டையில் கட்டம் கட்டமாக இருக்கும் நிறங்களை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தகரத் துண்டில் அடித்துக் கொண்டுவா என்றார். பெயின்டர் உள்ளங்கை அகலத் தகரத்தில் ஒரு நிறத்தை அடித்துக் காயவைத்து, மூலையில் ஓட்டை போட்டுக் கொண்டுவருவார். அதைத் துணி காயப்போடும் கொடியில் கம்பியால் கட்டித் தொங்கவிடவேண்டும். காலை வெயிலில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பார்க்கவேண்டும். மழை பெய்தால் நனைந்த நிலையில் ஒருமுறை. என் சேலைக்கும் அவருடைய வேட்டிக்கும் நடுவில் பச்சையும் நீலமுமாகத் தகரங்கள் ஆடும். காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் எனக்குத் தலைவலி.

அவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். ஒன்று பழுத்த பாக்கு. ஒன்று கொல்லாம்பழ மஞ்சள், முந்திரிப் பழத்தின் நிறம். காஞ்சிரங்குளம் கடற்கரையிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற பெண்மணியை நிறுத்தி, ஒரு சாளை மீனை வாங்கி, அதன் முதுகைப் பெயின்டரிடம் காட்டி, “இந்த நெறம் ஒனக்கு வருமா?” என்று கேட்டார். வந்தது. மூன்றாவது தடவையில் சரியாக வந்தது.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. நடந்தார். பிசியோதெரபிப் பையன் கெஞ்சியும் நடக்காதவர், சாயங்கால வெயில் கொடியின் மேற்கு முனையில் மட்டும்தான் விழும் என்பதற்காக, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கொடிவரை பதினோரு அடி நடந்தார். நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு போனேன். “பிடிக்காத, வாறேன்,” என்றார்.

மதில் பக்கம்தான் பஸ் நிறுத்தம். தனுவச்சபுரம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, “அங்கிளே, இன்னைக்கு என்ன களரு?” என்று கேட்பார்கள். கொடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அவர் வலது கையால் சுட்டிக்காட்டுவார். மகள் வெளிநாட்டிலிருந்து போன் செய்தால் முன்பு ஒரு வார்த்தை பேசாதவர், அவளிடம் அரைமணி நேரம் வாதாடுவார். ஒருநாள் நிறத்தை மாற்றத்தான் வேண்டும் என்பார். மறுநாள், பிறந்த பெயின்டை எடுத்துவிட்டால் வண்டிக்கு என்ன மரியாதை என்பார். அதற்கு அடுத்த நாள், சரி, பழைய மஞ்சளையே புதிதாக அடித்தால் என்ன என்பார். திருவனந்தபுரத்து ஆளைப் போனில் கூப்பிட்டு அவர் சொன்னதற்கெல்லாம் மறுப்புச் சொல்வார். பெயின்டர் வந்தால் திருவனந்தபுரத்து ஆள் பக்கம் சேர்ந்து பேசுவார்.

இப்படி எட்டு மாதம். இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். முப்பத்திரண்டு வருடம் நான் பஞ்சாயத்தில் கோப்பு பார்த்தவள். மேசையில் ஒரு கோப்பு கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. மற்றவர்கள் அடுத்த மேசைக்குத் தள்ளுவார்கள், நான் முடிப்பேன். அவளிடம் போனால் காரியம் நடக்கும் என்று ஊரில் எனக்குப் பெயர். பணி ஓய்வு பெற்ற நாளில் என் மேசை காலியாக இருந்தது. அதை நான் போட்டோ எடுத்துக்கூட வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள், கொடியில் பதினேழு தகரத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு மாதம் இருந்தேன் என்றால், அதுவே பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன்.

கடைசியாக வந்த தகரம் ஒரு அடர்ந்த சிவப்பு. மற்றவற்றை இரண்டு மூன்று நாளில் கொடியின் ஓரத்துக்குத் தள்ளச் சொல்கிறவர், இதை மூன்று வாரம் மேற்கு முனையிலேயே விட்டுவைத்தார். “இது கொள்ளாம்,” என்று ஒருதடவை சொன்னார். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது போதுமாக இருந்தது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கினால் இரண்டு மாதம் பெயின்ட் வேலை நடக்காது என்று பெயின்டர் சொல்லியிருந்தார். மழை முடிகிறபோது மகள் லீவில் வருகிறாள். அதற்குள் வண்டி பளபளவென்று நின்றால், அதில் அவரை ஏற்றி, மகள் ஓட்டி, பக்கத்துச் செங்கல் ஊர்க் கோவில்வரை ஒரு சுற்றுப் போய்வந்தால், இந்த மனிதருக்கு உயிர் வரும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஏற்கெனவே வந்துவிட்ட உயிர் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் உள்ளே தங்கிச் செய்யும் சிகிச்சைக்கு அவரைச் சேர்க்கவேண்டியிருந்தது. அதற்கு ஏழெட்டுத் தாளில் அவர் கையெழுத்து வேண்டும். காரின் நிறத்தை மாற்றுவதற்குப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். அந்த விண்ணப்பத்திலும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். நான் அந்த விண்ணப்பத்தை ஆஸ்பத்திரித் தாள்களுக்கு நடுவில் வைத்தேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்து, “இங்க, அப்புறம் இங்க,” என்று காட்டினேன். எத்தனை பஞ்சாயத்துத் தலைவர்களிடம் இப்படி வாங்கியிருப்பேன்! விரல் இருக்கும் இடத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். அவரும் பார்க்கவில்லை. என்னை நம்பி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

அதை ஒரு குறும்பு போலத்தான் செய்தேன். பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கி ஒளித்துவைக்கிற மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு. அனுமதித் தாள் கைக்கு வந்ததும், அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே பெயின்டரை வண்டி எடுத்துப்போகச் சொன்னேன்.

பெயின்டர் ஷெட்டு வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “அண்ணன் ஒண்ணும் முடிவா சொல்லலியே அக்கா.”

“சிவப்பு கொள்ளாம்னு சொன்னாரே. நீயும் கேட்டல்லா?”

“சொன்னாரு. சாளை நெறத்தயும் அப்படித்தான் சொன்னாரு. ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு செய்யலாமே. தேச்சு எறக்குனா பின்ன மஞ்சள் திரும்பக் கிடைக்காது, கேட்டேளா.”

“கேட்டா இந்த ஜென்மத்துல முடியாது. நானாக்கும் சொல்றேன். கொண்டு போ.”

 அவர் ஏறி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் சத்தம் போட்டுப் பேசினால் எதிர்த்துப் பேச ஆள் குறைவு. அதை எனக்கு ஒரு திறமை என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் வண்டி வந்துவிட்டது. வரும் வழியில் எல்லையில் போலீஸ்காரர் நிறுத்தி, தாளில் மஞ்சள், வண்டி சிவப்பு, இது எப்படி என்று கேட்டாராம். பெயின்டர் என் கையிலிருந்து வாங்கிப்போன அனுமதித் தாளைக் காட்டினார். சல்யூட் அடிக்காத குறையாக விட்டுவிட்டார்கள். எனக்கு என்ன பெருமை! கொடியிலிருந்த தகரங்களையெல்லாம் கழற்றி, பழைய பேப்பர் எடுக்க வந்தவனிடம் கொடுத்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு கொடியில் துணி மட்டும் காய்ந்தது.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம். முற்றத்திலேயே வண்டியை நிறுத்தியிருந்தேன். டாக்சியிலிருந்து அவரை இறக்கி, வாக்கரைக் கையில் கொடுத்து, “இஞ்ச பாருங்க,” என்றேன்.

பார்த்தார். நல்ல சிவப்பு, முகம் தெரிந்தது அதில். அவர் முகத்தை அந்தச் சிவப்பிலும் பார்த்தேன், நேரிலும் பார்த்தேன். கோபம் வரும் என்று ஒரு பக்கம் பயந்திருந்தேன். கோபம் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் கொடியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடிஞ்சுது. தாளும் சரியாக்கியாச்சு. நீங்கதானே கையெழுத்து போட்டீங்க,” என்று சிரித்தேன். எப்படிக் கையெழுத்து வாங்கினேன் என்பதையும் சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன்.

“நல்லா இருக்கு,” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பஸ் நிறுத்தத்துப் பிள்ளைகள் சில நாள் எட்டிப் பார்த்தார்கள்; நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மகள் போன் செய்தால் “ம்” என்றார். “அப்பாவுக்குச் சிவப்பு பிடிக்கலியாம்மா?” என்று அவள் என்னிடம் கேட்டாள். பிடிக்காமல் இருந்தால் நான் வேறு நிறம் அடித்துவிடுவேனே மகளே என்று சொன்னேன்.

ஒரு மாதம் போனபின் பெயின்டருக்குச் சொல்லி இரண்டு புதுத் தகரம் கொண்டுவரச் செய்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளியில் லேசாக நீலம் கலந்தது. அவற்றை நானே கொடியில் கட்டினேன். பெயின்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணா, சிவப்பு வெயில்ல சீக்கிரம் மங்கும் பாத்துக்கிடுங்க. வேற பாப்பமா?” என்று மெனக்கெட்டுப் பேசினார்.

“எதுக்குடே? அதான் அடிச்சாச்சே,” என்றார் அவர். திரும்பிப் படுத்தார்.

பெயின்டர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் தரையில் உட்கார்ந்தேன். “செஞ்சது தப்புதான். வாய விட்டு ரெண்டு ஏச்சு ஏசுங்க. பிடிக்கலன்னா மாத்திருவோம். என்ன நெறம் வேணும், சொல்லுங்க,” என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும். நான் கெஞ்சி அவர் பார்த்ததில்லை.

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். “எனக்கு நெறம் வேணும்னு இல்லட்டி. நாளைக்கு எந்திச்சு எதையாவது பாக்கணுமே. அதுக்காக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கோபமில்லாமல்தான் சொன்னார்.  எட்டு மாதம் பக்கத்திலேயே இருந்தவள் நான். கஞ்சி ஊட்டினவள் நான். அந்தத் தகரத்துக்காக அவர் நடந்த பதினோரு அடியை எண்ணினவளும் நான். அவ்வளவும் கண்ணால் பார்த்துவிட்டு, முடிக்காமல் கிடக்கிறதே என்றுதானே எனக்குக் கை அரித்தது!

இப்போது மழை விட்டிருக்கிறது. மகள் வந்து, அவரை ஒருமுறை அந்த வண்டியில் ஏற்ற முயன்று, முடியாமல், அழுதுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். போன வாரம் ஒரு காலையில் நான் வற்புறுத்தி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. ஷெட்டில் கிடந்த உப்புத்தாளை எடுத்து, பக்கெட்டில் நனைத்து, அந்தச் சிவப்பு முன்மூடியைத் தேய்க்கத் தொடங்கினேன். ஒரு இடத்திலாவது மஞ்சள் மிச்சம் இருக்காதா என்று பார்த்தேன். வண்டி மறுபடியும் அரைகுறையாக நின்றால் அவருக்கு அதைப் பற்றிப் பேச ஒரு வார்த்தை கிடைக்குமே என்று பார்த்தேன். தோள் வலிக்கத் தேய்த்தேன். சிவப்புக்கு அடியில் சாம்பல் நிற அடிப்பூச்சு வந்தது. அதற்கும் அடியில் வண்டியின் ஃபைபர் உடம்புதான் வந்தது. மஞ்சள் ஒரு பொட்டுக்கூட இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“விடுட்டி. கை நோவும்,” என்றார். “என்னக் கொண்டு உள்ள கெடத்து.”

காலை மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. கையைக் கழுவிவிட்டு நாற்காலியைத் திருப்பினேன்.